கடலுக்குப் போன அரிசி மூட்டை

அப்பா,

இன்று இரவு சோற்றில் மீன் வாசனை அடித்தது. வெள்ளிக்கிழமை நம் வீட்டில் முட்டைகூட உடைக்க மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அம்மா முதல் கவளத்தை வாயில் வைத்ததும் மெல்லுவதை நிறுத்தினாள்.

"அரிசி கவுச்சி அடிக்குதே. மண்ணு வேற நறநறங்குது. உனுக்குத் தெரீல?"

"தெரீலம்மா" என்றேன்.

"உங்கப்பா இருந்த வரைக்கும் அந்தக் கடையிலேர்ந்து இப்படி அரிசி வந்திருக்குமா? ஆளு போனதும் எளக்காரமாப் பூட்டுச்சு. காலைல போயி மொதலாளிய நிக்க வச்சு கேக்கறேன்."

தட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டாள். நான் மட்டும் மண்ணையும் சேர்த்துத் தின்றேன். மிச்சம் வைத்தால் இன்னொரு கேள்வி வருமே என்று பயம்.

இப்போது அம்மா தூங்குகிறாள். தம்பியும் தூங்கியிருப்பான் என்று நினைக்கிறேன். சமையல் மேடைக்குப் பக்கத்து ஜன்னலில் தெருவிளக்கு வெளிச்சம் கொஞ்சம் விழுகிறது, அதில்தான் எழுதுகிறேன். அம்மா புரண்டு படுக்கும்போதெல்லாம் தாளைப் பாவாடைக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். பேசும்போது உங்களை 'நீ' என்றுதான் சொல்வேன். எழுத உட்கார்ந்தால் 'நீங்கள்' என்று வருகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கடைக்காரர் மேல் தப்பு இல்லை அப்பா. அந்த அரிசி இன்று சாயங்காலம் கடற்கரைக்குப் போய், ரோட்டில் கொட்டி, ஒரு மீன்காரம்மாவின் அன்னக்கூடையில் ஏறித் திரும்பி வந்த அரிசி. கொண்டு போனவள் நான். காலையில் அம்மா கடைக்குப் போனால் எல்லாம் தெரிந்துவிடும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாமா வருகிறார், தம்பியைக் கூட்டிப்போக.

திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் ஒரு இல்லமாம். இவனைப் போன்ற பிள்ளைகளை அங்கேயே தங்க வைத்துப் பார்த்துக்கொள்வார்களாம். அம்மாவைத் திட்டாதீர்கள். நீங்கள் போன பிறகு ஒரு கல்யாணத்துக்கு அவனை அழைத்துக்கொண்டு போனாள். மண்டப வாசலில் உயரம் உயரமாகப் படிகள். சக்கர நாற்காலியைக் கீழேயே விட்டுவிட்டு அவனைத் தூக்கினாள். "யாராச்சும் ஒரு கை புடிங்களேன்" என்று கேட்டாள். ஒருத்தர் வந்தார், பாவம், அவனை எங்கே பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நடுப்படியில் மூன்று பேரும் சறுக்கினார்கள். தம்பி மேலே, அம்மா அடியில். அவனுக்கு ஒரு கீறல் இல்லை. அம்மாவுக்கு அன்றைக்குப் பிடித்த இடுப்புவலி இன்னும் விடவில்லை. அந்த இடுப்போடு ஜவுளிக் கடையில் இரவு வரை நின்றுவிட்டு வருகிறாள். பகலில் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் எதிர்வீட்டு அக்காவுக்கும் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. தம்பி வாசலைத் தாண்டி எத்தனையோ மாதம் ஆகிறது.

போன வாரம் மாமா போனில் பேசினார். அம்மா அடுப்பில் வேலையாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"நா ஒண்ணும் அவன வேணாம்னு சொல்லலண்ணா. தூக்க முடீலயே, நா என்னா செய்ய?"

"ஒன்ன யாருடி கொற சொன்னாங்க? அங்க எல்லாம் தரையோட தரை. படியே கெடயாது. இவனாட்டம் நாப்பது புள்ளைங்க இருக்குதுங்க."

"கடலு இருக்குமாண்ணா பக்கத்துல?"

"கடலுக்கு நா எங்கடி போவேன்? கெணறு இருக்கு."

அம்மா சிரித்துவிட்டாள். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றாள். படி இல்லாத இடத்தில் தம்பிக்கு நாங்கள் இருக்க மாட்டோம்.

அவனைத் தனியாக வெளியே கூட்டிப்போய்ப் பத்திரமாகக் கொண்டுவந்து விட்டால், 'பார்த்தியாம்மா, தூக்காமலே போயிட்டு வந்துட்டோம்' என்று அம்மாவிடம் சொல்லலாம். அவள் மாமாவை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். இவ்வளவுதான் என் யோசனை. நாளை சனிக்கிழமை, அம்மா வேலைக்குப் போனதும் புறப்படுவது என்று நினைத்தேன். நாளைக்கு அவன் என்றால் இன்றைக்கு மூட்டை. நீங்கள் வைத்த முறை அதுதானே.

அந்த முறை எதனால் வந்தது என்று அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. கடலூர் ரோட்டு ரயில்வே கேட்டில் நடந்ததை நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அப்போது தம்பிக்குப் புதிதாக நாற்காலி வந்திருந்தது. முதல் தடவையாக முதலியார்பேட்டையிலிருந்து கடற்கரைக்கு மூன்று பேரும் நடந்தே போனோம். தண்டவாளத்தின் ஓரத்தில் இருக்கும் அந்தப் பள்ளத்தில் நாற்காலியின் முன் சக்கரம், அந்தச் சின்னச் சக்கரம், இறங்கி மாட்டிக்கொண்டது. தள்ளினீர்கள், வரவில்லை. இழுத்தீர்கள், வரவில்லை. மணி அடிக்க ஆரம்பித்தது.

"யோவ், என்னா படம் காட்டுற? வண்டி வருதுய்யா, தூக்கு" என்று கேட் போடுகிறவர் கத்தினார். இரண்டு பக்கமும் வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். கேட்டை மூடாமல் அவர் காத்திருக்கிறார் என்பதுகூட எனக்கு அப்போது புரியவில்லை. தம்பியின் இடுப்புப் பட்டை அவிழவில்லை. நீங்கள் குனிந்து, அரிசிக் கடையில் மூட்டைக்குத் தோள் கொடுப்பதுபோல் கொடுத்து, நாற்காலியோடு அவனைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் ஓடி வந்தீர்கள். தம்பி கெக்கெக்கே என்று சிரித்தான், விளையாட்டு என்று நினைத்துவிட்டான். நீங்கள் அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என் பக்கம் திரும்பியபோது உங்கள் உதடு வெள்ளையாக இருந்தது.

"பாப்பா, அம்மாகிட்ட சொல்லாத."

அதற்கு அடுத்த தடவை அவனைக் கூட்டிப்போவதற்கு முந்தின நாள், கடையிலிருந்து ஒரு அரிசிச் சிப்பத்தைக் கேட்டு வாங்கி வந்தீர்கள். இருபத்தைந்து கிலோ. அப்போது தம்பியும் ஏறக்குறைய அந்தக் கனம்தான். அதை நாற்காலியில் உட்கார வைத்துப் பட்டை போட்டு, "வாம்மா, வெள்ளோட்டம் விட்டுட்டு வருவோம்" என்றீர்கள். தேருக்கு விடுகிற வெள்ளோட்டம். எனக்கு வெட்கமாக இருந்தது. தெருவே பார்த்தது.

"மொதல்ல மூட்ட போவட்டும். அதுக்கு வலிக்காது, வெக்கமும் கெடயாது" என்றீர்கள்.

கடற்கரைச் சாலையில் சுண்டல் விற்கிறவர் நம்மைப் பார்த்துவிட்டு, "என்னா அண்ணே, அரிசிக்குக் காத்து வாங்கவா?" என்றார்.

"புழுங்கல் அரிசிப்பா. வீட்டுல ஒரே புழுக்கமா இருக்குன்னுச்சு."

அவர் சிரித்து முடிப்பதற்குள் நீங்கள் கடலோரச் சுவரின் உயரத்தை முழங்காலால் அளந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அங்கே உட்கார்ந்தால் தம்பிக்கு அலை தெரியுமா, சுவர் மட்டும்தான் தெரியுமா என்று.

ஒரு பூங்காவில் சரிவு கட்டியிருந்தார்கள். அழகான சரிவு. அதன் வாயிலேயே மூன்று இரும்புக் கம்பி நட்டிருந்தது. மூட்டையோடு நாம் அதற்கு முன்னால் போய் நின்றோம்.

"சரிவு போட்டதும் பசங்க பைக்க ஏத்தி உள்ள வுட்டுட்டானுங்க. அதான் கம்பி" என்றார் காவல்காரர்.

"அப்ப நாக்காலி எப்டிண்ணே போவும்?"

"நடுக் கம்பிய உருவலாம். சாவி இருக்கு."

"குடுங்களேன்."

"எங்கிட்ட இல்ல. ஆபீசர் ஊட்டுல இருக்கும்."

"ஆபீசர் எப்ப வருவாரு?"

"யாராச்சும் பெரிய ஆளு வந்தா வருவாரு."

நீங்கள் சண்டை போடவில்லை. நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்தீர்கள். தம்பியிடம் அந்தப் பூங்காவின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. எங்கெல்லாம் முடியாதோ அங்கெல்லாம் மூட்டைதான் போய்த் திரும்பி வந்தது. முறைத்துப் பார்த்தவர்கள் மூட்டையை முறைத்தார்கள். 'ஓரமாப் போய்யா' என்று விரட்டியவர்கள் மூட்டையை விரட்டினார்கள். தேறிய இடங்களுக்கு மட்டும் தம்பி போனான், அதுவும் ஒரு தடங்கலும் இல்லாமல். அவனைக் கேட்டால் பாண்டி முழுக்கச் சமதரை என்றுதான் நினைத்திருப்பான். புறப்படும்போது, "முசியே ரெடியா?" என்பீர்கள். வெள்ளைக்காரத் தெருவில் பெரிய மனிதர்களைக் கூப்பிடும் பழைய சொல் அது. அவன் தலையை நிமிர்த்திக்கொள்வான்.

இன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "அரிசி சரியில்லக்கா, கடையில மாத்தணும்" என்று எதிர்வீட்டு அக்காவிடம் பொய் சொன்னேன். சிப்பத்தை நாற்காலியில் ஏற்ற அவர்தான் ஒரு கை பிடித்தார். தம்பி இப்போது சிப்பத்தைவிடக் கனம், அதனால் என் பள்ளிக்கூடப் பையையும் மேலே வைத்தேன். பட்டையின் கொக்கி உடைந்து நாளாகிறது. துண்டால் கட்டினேன்.

ரயில்வே கேட்டில் உங்களைப் போலவே முன் சக்கரத்தை மேலே தூக்கித் தாண்டினேன். கை வலித்தாலும் முடிந்தது. கடற்கரை வரைக்கும் முடிந்தது. கடலோர நடைமேடைமேல் ஏறும் சரிவிலும் ஏறிவிட்டேன். காற்று முகத்தில் அடித்தது. நாளைக்குத் தம்பி இங்கே இருப்பான் என்று நினைத்தேன், சத்தியமாகச் சந்தோஷமாக இருந்தது.

இறங்கும்போதுதான் அப்பா. நடைமேடையின் மறு கோடியில் இருக்கும் சரிவு கொஞ்சம் செங்குத்து. பாதி இறங்கியதும் நாற்காலி என்னை இழுக்க ஆரம்பித்தது. செருப்பு வழுக்கியது. கைப்பிடி என் கையில் இல்லை. நாற்காலி மட்டும் தனியாக ஓடி, சரிவு முடியும் இடத்து விளிம்பில் முட்டி, முன்பக்கமாகக் கவிழ்ந்தது. துண்டு அவிழ்ந்து மூட்டை ரோட்டில் போய் விழுந்தது. ஒரு பைக் கிறீச்சென்று நின்றது. மூட்டைக்கும் அதன் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு கை அளவுதான் இடம்.

"மூட்ட இழுக்க வேற வண்டியே கெடைக்கலயா ஒனக்கு?" என்று அவர் திட்டிவிட்டுப் போனார்.

நான் நகரவில்லை. மூட்டையின் வாய் பிரிந்து அரிசி மெதுவாக வழிந்துகொண்டிருந்தது. எனக்கு அது அரிசியாகத் தெரியவில்லை.

எதிர்ப்புறத்திலிருந்து மீன் விற்றுவிட்டு வந்த ஒரு அம்மா, தலையில் இருந்த அன்னக்கூடையை இறக்கிக்கொண்டு ஓடிவந்தார். அவருக்கும் முதலில் அப்படித்தான் தெரிந்திருக்கிறது.

"கொழந்தயாடி? கொழந்தயாடி விழுந்துச்சு?"

பக்கத்தில் வந்து பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னைத் திட்டினார். திட்டிக்கொண்டே இரண்டு கையாலும் அரிசியை வாரி அன்னக்கூடையில் போட்டார். மூட்டையை நிமிர்த்தி, அரிசியை அதில் கொட்டி, தன் கூடையில் கிடந்த கயிற்றாலேயே வாயைக் கட்டிக் கொடுத்தார்.

"யாரு உக்கார்ற நாக்காலி இது?"

"தம்பி. நாளைக்குக் கூட்டியாறதுக்கு இன்னிக்கி வெள்ளோட்டம்."

"ஒத்தையாவா?"

தலையை ஆட்டினேன். அவர் என் கையைப் பிடித்துப் பார்த்தார். "இந்த நடுங்கு நடுங்குது. நாளைக்கு வராத கண்ணு. இந்தக் கைய நம்பிப் புள்ளைய ஏத்தாத."

ரயில்வே கேட் தாண்டும் வரை அவரும் ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் செய்ததைச் சொல்லத்தான் இவ்வளவு நேரமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அம்மா வருவதற்குள் மூட்டையை உள்ளே இழுத்துப் போட வேண்டும், ரோட்டு மண்ணைத் துடைக்க வேண்டும் என்ற அவசரத்தில், நாற்காலியை மடிக்க மறந்துவிட்டேன். விரித்தபடியே தம்பியின் பாய்க்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டேன்.

வேறு எந்த வீட்டிலும் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. நம் வீட்டில் இருக்கிறதே அப்பா. வெள்ளோட்டம் தேறாத நாளில் நாற்காலியை மடித்துக் கதவுக்குப் பின்னால் சாத்துவீர்கள். தேறினால் விரித்து அவன் பாய்க்குப் பக்கத்தில் வைப்பீர்கள். வாயால் சொல்லவே மாட்டீர்கள். அவனே பார்த்துத் தெரிந்துகொள்வான்.

நான் திரும்பிப் பார்த்தபோது அவன் பார்த்துவிட்டான். உடம்பெல்லாம் விறைக்க, வாய் நிறையச் சிரிப்பு. "நாளிக்கி" என்றான். நீங்கள் போன பிறகு அவன் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. சாப்பாடு ஊட்டும்போது அம்மாவிடமும் சொன்னான்.

"நாளைக்கி இல்லடா, ஞாயித்துக்கெழம" என்றாள் அம்மா. அவன் மாமாவுடன் போவதைக் கேட்கிறான் என்று நினைத்துவிட்டாள். முந்தானையால் அவன் வாயைத் துடைத்துவிட்டுத் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

இப்போது போய் மடித்து வைத்துவிடலாமா என்று எழுந்து போய்ப் பார்த்தேன். சக்கரத்துக் கம்பிக்குள் விரலை விட்டுக்கொண்டு படுத்திருக்கிறான். எடுத்தால் விழித்துக்கொள்வான். விழித்தால் கேட்பான்.

திரும்பி வந்து உட்கார்ந்து, நீங்கள் அந்தச் சரிவில் எப்படி இறங்கினீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறீர்கள், ஒரு தடவைகூட நாற்காலி உங்களை இழுத்ததில்லை. எனக்கு ஞாபகம் வருவதெல்லாம் உங்கள் முதுகு. வேர்வையில் ஒட்டிப்போன சட்டை. நான் எப்போதும் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு முன்னாலேயே இறங்கிப் போய்க் கீழே நிற்பேன். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் தம்பி தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? உங்கள் முதுகுதான் தெரியும்.

நீங்கள் பின்பக்கமாக இறங்கியிருக்கிறீர்கள் அப்பா. நாற்காலியைத் திருப்பி, அவன் பாரத்தை உங்கள் நெஞ்சில் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக. அவன் சந்தோஷத்தில் விறைத்துப் பின்னால் உதைத்தாலும் உங்கள்மேல்தான் சாய்வான். இத்தனை நாளும் என்னோடு பேசத்தான் என் பக்கம் வருகிறீர்கள் என்று நினைத்திருந்தேன். ஏனென்றால் பேசினீர்கள். திரும்பிப் பார்க்காமலே கேட்பீர்கள்.

"பாப்பா, பின்னாடி யாரு?"

"யாருமில்லப்பா. வா."

"இப்ப?"

"ஒரு நாயி. போயிடுச்சு. வா."

விளையாட்டு என்றுதான் நானும் நினைத்தேன். உங்களுக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. நான் சொன்னதை நம்பித்தான் அடுத்த அடியை வைத்திருக்கிறீர்கள். இன்று நான் தனியாகப் போனேன். எனக்குக் கீழே நின்று சொல்ல யாரும் இல்லை. இறங்கும் முறை தெரிந்திருந்தாலும் என்னால் தனியாக இறங்கியிருக்க முடியாது.

நீங்கள் போன பிறகும் என்னை விடாத பழக்கம் ஒன்று இருக்கிறது. எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் முதலில் வாசலைத்தான் பார்க்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகள் புதிதாக ஒரு ஐஸ்கிரீம் கடைக்குக் கூப்பிட்டார்கள். அவர்கள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்கள், நான் வெளியே நின்று படியின் உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏன்டி, உள்ள வர்றதுக்கு வெத்தல பாக்கு வைக்கணுமா?" என்று கிண்டல் செய்தார்கள். அவர்களிடம் என்ன சொல்வது? என் கண் அப்படி ஆகிவிட்டது. உங்கள் கண்.

அம்மா அடிப்பாள் என்றுகூடப் பயம் இல்லை. கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்துவிடுவாளோ, இதனாலேயே மாமாவை நாளைக்கே வரச் சொல்லிவிடுவாளோ என்று பயம். ஆனாலும் தனியாக மட்டும் போக மாட்டேன். இந்தக் கையை நம்பி அவனை ஏற்ற மாட்டேன்.

விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் வண்டி விட மாட்டார்கள். இருட்டு பிரிவதற்கு முன்னாலேயே அம்மா தண்ணீர் பிடிக்க எழுந்திருப்பாள். அவள் குடத்தை வைப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். மூட்டையை, மீன்காரம்மாவை, ரயில்வே கேட்டைக்கூட. நீங்கள் சொல்லாதே என்றதை நாளைக்குச் சொல்கிறேன் அப்பா, மன்னித்துவிடுங்கள். சொல்லிவிட்டுத்தான் தம்பியோடு கடற்கரைக்குக் கூப்பிடப் போகிறேன். அவள் உடனே இடுப்பைத்தான் பிடித்துக்கொள்வாள், அதுவும் தெரியும். அதற்குச் சொல்ல வேண்டியதையும் யோசித்து வைத்துவிட்டேன்.

"நீ ஒண்ணும் தூக்க வேணாம்மா. நாக்காலிய நான் புடிச்சுக்கறேன். நீ கீழ நின்னு, பின்னாடி யாரு வர்றான்னு மட்டும் சொல்லு."